லிஃப்ட் கிட் போட்ட பிறகு பிக்அப் படுத்தும் பாடு: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்க

லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் பாகங்களின் தொகுப்பு) போட்டு உயர்த்திய பிக்அப் ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியே வரும் நாளில் எந்தக் குறையும் கண்ணில் படாது. அடுத்த வாரம்தான் தொல்லை ஆரம்பிக்கும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் எங்கோ உரசுகிறது. எண்பதைத் தாண்டினால் சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம். நேர் சாலையில்கூட வண்டி இடமும் வலமும் அலைகிறது. கிட் மட்டமானது என்று திட்டுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். சேஸி மேலே போய்விட்டது. சக்கரமும் ஆக்சிலும் தரையோடுதான் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட், ஆர்ம், ஸ்டியரிங் ராடு, பிரேக் ஹோஸ் எதுவுமே பழைய கோணத்தில் இல்லை. நான் பார்த்தவரை, லிஃப்டுக்குப் பிறகு வரும் கோளாறுகளில் பாகம் உடைந்து வந்தவை குறைவு, கோணம் கெட்டு வந்தவைதான் அதிகம்.

கிட் இன்னும் வாங்காதவர்கள் இதையே பின்னாலிருந்து படிக்கலாம். எந்தத் தொல்லையைத் தன்னால் சகிக்க முடியாது என்று தெரிந்துவிட்டால், எவ்வளவு உயரம், எந்த டயர் என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

முதலில் டேப்பை எடுங்கள்

காலி வண்டியைச் சமதரையில், டயரில் சரியான காற்றோடு நிறுத்துங்கள். சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் உயரமும் கலந்துவிடும். லிஃப்டுக்கு முன்பும் பின்பும் இந்த நான்கு எண்கள் கையில் இருந்தால் பாதி வாக்குவாதம் மிச்சம்.

தனித்தனி முன் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் ஸ்ட்ரட்டின் (ஷாக்கும் சுருள்ஸ்பிரிங்கும் ஒன்றாக உள்ள தூண்) தலையில் வைக்கும் ஸ்பேசரின் தடிமனும் வண்டி உயரும் அளவும் ஒன்றல்ல. ஸ்ட்ரட் கீழ் ஆர்மின் நடுப்பகுதியில் ஊன்றி நிற்பதால் ஆர்ம் நெம்புகோலாகிவிடும். 1 அங்குல ஸ்பேசர் சக்கரத்தில் ஏறத்தாழ 2 அங்குலமாகத் தெரியும். இது தெரியாமல் 2 அங்குலம் தூக்க 2 அங்குல ஸ்பேசரையே வைத்துவிட்டு, ஆக்சில் பூட் (ஆக்சில் மூட்டை மூடும் ரப்பர் உறை) கிழிகிறதே என்று தலையில் கைவைத்தவர்கள் உண்டு.

டயரையும் கணக்குப் போட்டுவிடுங்கள். 265/70 ஆர் 17 என்றால் பக்கச் சுவர் 265 மி.மீ.யில் 70 விழுக்காடு, அதாவது 185.5 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு முறை, 371. ரிம் 17 அங்குலம், 431.8. மொத்தம் 802.8 மி.மீ., 31.6 அங்குலம். இதையே 285/70 ஆர் 17 ஆக்கினால் 830.8 மி.மீ., 32.7 அங்குலம். வித்தியாசம் 28 மி.மீ. ஆனாலும் வண்டியின் அடிப்பகுதி உயர்வது 14 மி.மீ.தான், மற்றப் பாதி மேலே ஏறி ஃபெண்டரை நெருங்குகிறது. பின்பக்கம் ஒரே திட ஆக்சில் உள்ள வண்டியில், டிஃபரன்ஷியல் உருண்டைக்கும் தரைக்கும் இடையே உள்ள இடைவெளியைக் கூட்டுவது இந்த 14 மி.மீ. மட்டுமே. லிஃப்ட் கிட் எத்தனை அங்குலமானாலும் அந்த உருண்டை இருந்த இடத்தில்தான் இருக்கும்.

டயர் உரசுகிறது

எங்கே உரசுகிறது என்பதுதான் முதல் கேள்வி. சத்தத்தை வைத்து ஊகிக்க வேண்டாம். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள்; உரசிய இடம் பளபளவென்று மின்னும், அல்லது பெயின்ட் போயிருக்கும். தெரியாவிட்டால் டயரின் தோள்பட்டையில் சாக்பீஸை நன்றாகப் பூசி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்துக்கொண்டே மெதுவாக ஒரு வட்டம் அடியுங்கள். வெள்ளை எங்கே ஒட்டியிருக்கிறதோ அதுதான் இடம்.

உள்பக்கம், அதாவது மேல் கண்ட்ரோல் ஆர்மிலோ சேஸியிலோ ஸ்வே பாரிலோ (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) உரசினால் டயர் உள்ளே அதிகமாக உட்கார்ந்திருக்கிறது. ரிம்மின் ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் ஒட்டும் முகம் உள்ள தூரம்) கூடுதல், அல்லது டயரின் அகலம் கூடுதல். வெளிப்பக்கம், முன் சக்கர வளைவின் பின்மூலையிலோ பம்பரின் ஓரத்திலோ கேபின் சேஸியில் உட்காரும் பாடி மவுண்டிலோ உரசினால் கதை நேர் எதிர். ஆஃப்செட் குறைந்த ரிம் டயரை வெளியே தள்ளிவிட்டது. பழைய ரிம் பிளஸ் 30, புதியது பூஜ்யம் என்றால் சக்கரம் 30 மி.மீ. வெளியே வந்துவிட்டது என்று பொருள். வெளியே வந்த டயர் திரும்பும்போது பெரிய வில்லாக வீசித் திரும்பும். அகன்று நிற்கும் தோற்றத்துக்காக இந்த ரிம்மை வாங்கியவர்களில் பலர், உரசல் போகட்டும் என்று இன்னும் ஓர் அங்குலம் உயர்த்துகிறார்கள். உயரம் கூடினாலும் உரசல் நிற்காது.

ஏன் நிற்காது என்பதுதான் இந்த விஷயத்தில் அதிகம் பேர் தவறவிடும் இடம். சஸ்பென்ஷன் லிஃப்ட், வண்டி நிற்கும் உயரத்தை மட்டுமே மாற்றுகிறது. பள்ளத்தில் விழுந்து சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது சக்கரம் எவ்வளவு மேலே வரலாம் என்பதை முடிவு செய்வது பம்ப் ஸ்டாப் ரப்பர். அது பழையதே என்றால், டயர் ஃபெண்டருக்குள் ஏறும் உச்ச இடமும் பழையதே. ஆகவே சமதரையில் உரசாத வண்டி, குழியில் இறங்கும்போது ‘சர்ர்’ என்று உரசும். இதற்கு மருந்து நீளமான பம்ப் ஸ்டாப், அல்லது சின்ன டயர், அல்லது பாடி லிஃப்ட். பாடி லிஃப்ட் என்பது கேபினையும் பின்தொட்டியையும் மட்டும் சேஸியிலிருந்து தூக்குவது. முழுதாக அமுங்கினாலும் டயருக்கும் ஃபெண்டருக்கும் இடைவெளி கூடியே இருக்கும். சஸ்பென்ஷன் கோணம் எதுவும் மாறாது. பார்க்க அழகில்லை, பம்பருக்கு மேலே ஒரு சந்து தெரியும், ஸ்டியரிங் ஷாஃப்டின் நீளத்தைச் சரிபார்க்க வேண்டும். பெரிய டயர் மட்டும்தான் தேவை என்பவருக்கு 1 அங்குல பாடி லிஃப்டைப் பற்றி நான் கெடுதலாக ஒன்றும் சொல்ல மாட்டேன்.

சோதனை எளிது. ஒரு முன் சக்கரத்தை உறுதியான சாய்தளத்தில் ஏற்றி அந்தப் பக்கம் அமுங்கட்டும். ஸ்டியரிங்கை முனையிலிருந்து முனைவரை திருப்புங்கள். தரையில் நிற்கும்போது இரண்டு விரல் இடைவெளி இருந்ததெல்லாம் அங்கே ஒன்றுமில்லாமல் போவதைப் பார்க்கலாம். பிளாஸ்டிக் லைனரில் லேசான உரசல் என்றால் வெட்டியோ சூடாக்கி வளைத்தோ சமாளிக்கலாம். பாடி மவுண்டை வெட்டி வெல்டிங் செய்வது வேறு வகை வேலை. செய்து பழகியவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும்.

வண்டி நேராகப் போக மறுக்கிறது

ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால் தானாக நடுவுக்கு வரவில்லை. நெடுஞ்சாலையில் நொடிக்கொரு தரம் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இது கேஸ்டர் குறைந்ததன் அடையாளம்.

சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பது, கையை விட்டாலும் அது நேராக ஓட ஒரு காரணம். பிக்அப்பின் முன் சக்கரத்துக்கும் அதே சாய்வு உண்டு, அதுதான் கேஸ்டர். தனித்தனி சஸ்பென்ஷனில் வண்டியை உயர்த்தும்போது மேல் ஆர்மின் முனை நகர்ந்து அந்தச் சாய்வு குறைகிறது, கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் சக்கரத்தின் சாய்வு) கெடுகிறது. உயர்வு சிறியதென்றால் கீழ் ஆர்மின் கேம் போல்டிலேயே அலைன்மெண்ட்காரர் சரிசெய்துவிடுவார். சுமார் 2 அங்குலத்தைத் தாண்டினால் பல வண்டிகளில் அந்த போல்டுக்கு இடம் போதாது. கோணம் திருத்திய மேல் கண்ட்ரோல் ஆர்ம் வேண்டிவரும். கிட் வாங்கும்போதே இந்தச் செலவையும் சேர்த்து எண்ணுங்கள். 4 அங்குலம், அதற்கு மேல் என்றால் டிஃபரன்ஷியலையும் கீழ் ஆர்மின் பிடிமானத்தையும் சேர்த்துக் கீழே இறக்கும் முழு பிராக்கெட் கிட்தான் சரி. ஸ்பேசரை அடுக்கிக்கொண்டே போவது வழியல்ல.

அலைன்மெண்ட் முடிந்ததும் ‘சரியாக இருக்கிறது’ என்ற வாய்ச்சொல்லோடு வராதீர்கள். அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) கேம்பரும் பச்சையாக இருந்து கேஸ்டர் மட்டும் சிவப்பாக இருந்தால், டயர் தேயாது, ஆனால் வண்டி அலையும்.

ஒரு பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டியரிங் பைத்தியமாக ஆடுகிறது

முன்பக்கமும் திட ஆக்சில் உள்ள வண்டிகளின் நோய் இது. ஒரு சின்ன மேட்டில் ஆரம்பித்து, வண்டியை நிறுத்தும்வரை ஸ்டியரிங் கையை உதறும். உடனே ஸ்டியரிங் டாம்பரை (ஸ்டியரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக்) மாற்றச் சொல்வார்கள். மாற்றினால் கொஞ்ச நாள் அடங்கும், பிறகு திரும்ப வரும்; டாம்பர் நோயை மறைத்ததே தவிர தீர்க்கவில்லை.

ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடித்திருக்கும் பன்ஹார்ட் ராடைப் பாருங்கள். சக்கரங்கள் தரையில் இருக்க, எஞ்சின் ஓட, ஒருவர் ஸ்டியரிங்கை இடதும் வலதுமாகச் சின்னச் சின்னதாக ஆட்டட்டும். நீங்கள் ராடின் இரு முனைகளிலும் விரலை வைத்துப் பாருங்கள். போல்டுக்கும் ஓட்டைக்கும் இடையே இம்மியளவு நகர்வு தெரிந்தால் போதும், ஆள் கிடைத்துவிட்டான். அடுத்து டை ராட் எண்ட், பால் ஜாயிண்ட், டயர் பேலன்சிங், கேஸ்டர்.

உயர்த்தியதும் பன்ஹார்ட் ராடு ஆக்சிலை ஒரு பக்கமாக இழுத்துவிடும் என்பதும் இங்கேதான் தெரியவரும். ஒரு பக்க டயர் ஃபெண்டரைவிட்டு வெளியே நிற்கும், மறுபக்கம் உள்ளே போயிருக்கும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ராடு போட்டு நடுவுக்குக் கொண்டுவரலாம். ஆனால் பன்ஹார்ட் ராடும் ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் கம்பியும் ஒன்றுக்கொன்று இணையாகச் சாய்ந்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் இறக்கினால் மேடு பள்ளத்தில் வண்டி தானே திரும்பும்.

நடுக்கம்

இந்த ஒரு அறிகுறிக்காகத்தான் அதிகப் பணம் வீணாகிறது. நானே ஒரு முறை ஒரே வண்டிக்கு மூன்று தடவை வீல் பேலன்சிங் செய்து பார்த்திருக்கிறேன். கோளாறு சக்கரத்தில் இல்லவே இல்லை.

நடுக்கத்தின் வேகம்தான் துப்பு. மேலே சொன்ன 31.6 அங்குல டயர் 100 கி.மீ. வேகத்தில் நொடிக்குச் சுமார் 11 சுற்று சுற்றும். பின் ஆக்சிலின் விகிதம் 3.73 என்றால் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் அதே நேரத்தில் 41 சுற்று. ஆகவே டயரால் வரும் நடுக்கம் கையால் எண்ணிவிடலாம் போலத் தோன்றும் குலுக்கல். ஷாஃப்டால் வருவது ரீங்காரம் போன்ற அதிர்வு. ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன் சக்கரம், சீட்டிலும் தரையிலும் தெரிந்தால் பின்பக்கம் என்று தொடங்கலாம்.

அடுத்து, வெறிச்சோடிய நேர்ச்சாலையில் நடுக்கம் வரும் வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். எஞ்சின் அடங்கியும் நடுக்கம் தொடர்ந்தால் எஞ்சினை விட்டுவிடலாம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் கூடி, விட்டால் குறைந்தால் ஷாஃப்டின் கோணம்தான்.

இரு முனையிலும் ஒவ்வொரு கிராஸ் (கோணத்திலும் சுழலவிடும் மூட்டு) உள்ள சாதாரண ஷாஃப்டில், முன்னே அது புறப்படும் முனையின் அச்சும் பின்னே டிஃபரன்ஷியல் பினியனின் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு கிராஸ் உண்டாக்கும் வேக ஏற்றஇறக்கத்தை மற்றது ரத்து செய்யும். முன்முனையில் இரட்டை கிராஸ் உள்ள ஷாஃப்ட் என்றால் விதி வேறு: பினியன் நேராக அந்த இரட்டை கிராஸைப் பார்த்து நிற்க வேண்டும். இதைக் குழப்பிக்கொண்டு, பினியனைத் திருப்ப ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்பு வைத்தால் நடுக்கம் கூடிவிடும். கோணமானி ஒன்றை மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தால் போதும். லீஃப் ஸ்பிரிங் வண்டியில் பினியனை ஓரிரு பாகை தாழ்வாக வைப்பார்கள், இழுவையில் அது மேலே எழும் என்பதால். ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருந்தால் நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கைச் சில மி.மீ. இறக்கினாலே புறப்படும்போது வரும் உதறல் போய்விடுவதுண்டு. கிட்டோடு அந்தச் சின்ன ஸ்பேசர்கள் வந்திருக்கின்றனவா என்று பெட்டியைத் தேடுங்கள்.

பின்பக்கத்தை எப்படி உயர்த்தினார்கள் என்பதும் சேர்ந்ததுதான். ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே கட்டை வைத்தால் மலிவு. ஆனால் உயரமான கட்டை, மிதிக்கும்போது ஆக்சிலை முறுக்க நெம்புகோல் கொடுக்கிறது. புறப்படும்போது பின்பக்கம் துள்ளும். கட்டை மேல் கட்டை அடுக்கியிருந்தால் அந்த வண்டியை ஓட்டாதீர்கள். முன் ஆக்சிலில் கட்டையே கூடாது. கூடுதல் பட்டை சேர்ப்பதோ புதிய ஸ்பிரிங் செட் போடுவதோ செலவு, ஆனால் அந்த நெம்புகோல் இல்லை.

‘டொக்’, ‘டக்’, ‘கிறீச்’

வேகத்தடையைத் தாண்டி முன்பக்கம் எழும்போது ‘டொக்’ என்றால், ஷாக் தன் முழு நீளத்துக்கு இழுபட்டு அடிக்கிறது. ஸ்பிரிங்கை அழுத்தி உயர்த்தும் வகை ஸ்பேசரில் இது சகஜம். ஸ்ட்ரட்டின் நீளம் மாறாததால் கீழே தொங்கும் இடம் குறைந்துவிடுகிறது. ஸ்ட்ரட்டின் தலையில் வைக்கும் ஸ்பேசரில் பிரச்சினை மாறும்: சக்கரம் முன்பைவிடக் கீழே தொங்கும், மேல் ஆர்ம் சுருள்ஸ்பிரிங்கில் இடிக்கும், பால் ஜாயிண்ட் எல்லையை மீறும். ஸ்பிரிங்கின் பெயின்டில் ஒரு வெட்டுத்தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிரேக் பிடிக்கும்போதும் புறப்படும்போதும் ஒரே ஒரு ‘டக்’ என்றால் பெரும்பாலும் ஆக்சிலை ஸ்பிரிங்கோடு கட்டும் பின் யூ போல்ட். புதிதாக மாட்டியவை உட்கார்ந்து தளரும். முதல் சில நூறு கி.மீ.க்குப் பிறகு டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கியே ஆக வேண்டும்.

‘கிறீச்’ என்பது பெரும்பாலும் மாட்டியவரின் அவசரம். சக்கரம் தொங்கும்போதே ஆர்ம் புஷ்களின் போல்டை இறுக்கிவிட்டால், வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நிற்கும். போல்டைத் தளர்த்தி, வண்டி தன் காலில் நிற்கும் நிலையில் மறுபடி இறுக்குங்கள். செலவே இல்லாத மருந்து.

முன் சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கிறது

ஆக்சில் ஷாஃப்டின் ரப்பர் பூட் கிழிந்துவிட்டது. கோணம் செங்குத்தானதால் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்திருக்கின்றன. பூட்டை மட்டும் மாற்றினால் மறுபடி கிழியும். டிஃபரன்ஷியலைச் சற்று இறக்கும் ஸ்பேசர் கொஞ்சம் உதவும். உயரத்தை அரை அங்குலம் குறைப்பது அதைவிட உதவும்.

இழுவை போய்விட்டது, மீட்டரும் பொய் சொல்கிறது

31.6 அங்குலத்திலிருந்து 35க்குத் தாவினால் சுற்றளவு 10.7 விழுக்காடு கூடுகிறது. மீட்டர் 100 காட்டும்போது வண்டி ஏறத்தாழ 111இல் ஓடுகிறது. 285/70 ஆர் 17 என்றால் 103.5. கிலோமீட்டரையும் மீட்டர் குறைத்தே எண்ணும். அதனால் மைலேஜ் விழுந்தது என்று புலம்பும் முன் திருத்திக்கொள்ளுங்கள்: மீட்டர் கணக்கில் லிட்டருக்கு 9 வந்தால், 35 அங்குல டயரில் அது உண்மையில் கிட்டத்தட்ட 10. (அதற்குப் பிறகும் விழுந்திருக்கும், அது டயரின் எடையும் காற்று எதிர்ப்பும்.)

ஆட்டோமேட்டிக் வண்டி மேட்டில் கியரை மேலும் கீழும் மாற்றிக்கொண்டே இருந்தால், ஆக்சில் விகிதம் டயருக்குப் போதவில்லை. பழைய விகிதத்தை டயர் வளர்ந்த மடங்கால் பெருக்குங்கள்: 3.73 பெருக்கல் 1.107, அதாவது 4.13. கிடைக்கும் கியர் 4.10, அது போட்டால் பழைய இழுவை திரும்பும். நான்கு சக்கர இழுவை என்றால் முன், பின் இரண்டையும் மாற்ற வேண்டும். இந்தச் செலவைக் கேட்டதும் 33 அங்குலமே போதும் என்று மனம் மாறியவர்கள் நிறைய.

பிரேக் முன்போல் இல்லை

அதே அழுத்தத்தில் பிரேக் தரும் முறுக்கம் மாறவில்லை, ஆரம் கூடிவிட்டது. 35 அங்குல டயரில் தரையில் கிடைக்கும் தடைவிசை சுமார் 10 விழுக்காடு குறைவு. இதற்குமேல் கனமான சக்கரத்தின் சுழற்சியையும் அடக்க வேண்டும். சில பிக்அப்களில் பின் பிரேக்கின் பங்கை நிர்ணயிக்கும் வால்வு ஒரு கம்பியால் ஆக்சிலோடு கட்டப்பட்டிருக்கும். சேஸி உயர்ந்ததும் அந்த வால்வு ‘வண்டியில் சுமை இல்லை’ என்று எண்ணிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். லிஃப்ட் அளவுக்கு அந்தக் கம்பி ஆக்சிலில் மாட்டும் பிராக்கெட்டை உயர்த்தினார்களா என்று கேளுங்கள்; பலர் அதைத் தொடுவதே இல்லை. சக்கரம் முழுதாகத் தொங்கும்போதும், ஸ்டியரிங் முழுதாக ஒடிந்திருக்கும்போதும் பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் விறைக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். விறைத்தால் ஹோஸ் மாறும்வரை வண்டி நகரக் கூடாது.

வளைவில் சாய்கிறது, சுமை ஏற்றினால் மூக்கு நிமிர்கிறது

சக்கரங்களுக்கு இடையேயுள்ள அகலத்தில் பாதியை, எடை மையத்தின் உயரத்தால் வகுத்தால் வண்டி கவிழாமல் தாங்கும் திறனுக்கு ஓர் அளவு கிடைக்கும். அகலம் 1600 மி.மீ., மையம் 700 மி.மீ. என்றால் 1.14. மையம் 75 மி.மீ. உயர்ந்தால் 1.03. ஸ்வே பாரைக் கழற்றிவிட்டு ‘சஸ்பென்ஷன் நன்றாக ஆடுகிறது’ என்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்கட்டும். பாருக்கு நீளமான லிங்க் போடுங்கள், கழற்றாதீர்கள்.

பிக்அப்பின் பின்பக்கம் தொழிற்சாலையிலேயே சற்று உயர்ந்திருப்பது சுமைக்காக. முன்பக்கத்தை மட்டும் தூக்கிச் சமப்படுத்தினால், சுமை ஏறியதும் மூக்கு வானத்தைப் பார்க்கும், ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும். லிஃப்ட் எதுவானாலும் ஹெட்லைட்டை மறுபடி இறக்கிச் சரிசெய்யுங்கள். வண்டி தாங்கும் சுமை லிஃப்ட் கிட்டால் ஒரு கிலோகூட அதிகமாகாது.

கல்லில் ஓடுவதுபோல் உதறினால் பெரும்பாலும் காற்று. எல்.டி. (லைட் ட்ரக்) வகை டயரின் பக்கச் சுவரில் 80 பி.எஸ்.ஐ. என்று இருப்பது உச்ச அளவு, அடிக்க வேண்டிய அளவல்ல. கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ளதும் பழைய டயருக்கானது. அதே எடையைத் தாங்க எல்.டி. டயருக்குக் கூடுதல் காற்று தேவைப்படும். டயர் தயாரிப்பாளரின் சுமை-காற்று அட்டவணைதான் பதில்.

சின்னச் சின்னவை

ஸ்டெபிலிட்டி விளக்கு எரிந்தால் ஸ்டியரிங் கோண சென்சாரைப் பூஜ்யப்படுத்த வேண்டும். முன் கேமராவோ ரேடாரோ உள்ள வண்டிக்கு அதையும் சீரமைக்க வேண்டும். ஸ்டெப்னி பின்தொட்டிக்கு அடியில் நுழைகிறதா என்று டயர் வாங்கும் முன்பே பாருங்கள். பழைய சின்ன ஸ்டெப்னியோடு நான்கு சக்கர இழுவையைப் போட்டால் முன், பின் ஆக்சில்களுக்கு இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். உயரத்துக்கும் வெளியே துருத்தும் டயருக்கும் சட்டம் எங்கும் ஒன்றல்ல; காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டு வையுங்கள்.

எதைச் செய்தும் போகாத கோளாறு

பாகங்களை மாற்றிக்கொண்டே போகாமல் உயரத்தை ஓர் அங்குலம் இறக்கிப் பாருங்கள். திருகும் வகை ஸ்ட்ரட் என்றால் காலரைக் குறையுங்கள். பின்னால் இருக்கும் கட்டையைச் சின்னதாக மாற்றுங்கள். அலைன்மெண்டைப் பார்த்துவிட்டு ஐம்பது கி.மீ. ஓட்டுங்கள். அறிகுறி மறைந்தால் குற்றம் கோணத்தில். அப்படியே இருந்தால் ஏதோ ஒரு பாகம் உண்மையிலேயே கெட்டிருக்கிறது, இனித் தேடலாம். இறக்கிய பிறகு நான்கு மூலைகளையும் மறுபடி அளந்து, முதல் நாள் எழுதிய எண்களுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.